தொழிலைப் பெரிய அளவில் மாற்றும்போது: சேலத்து ஆலை, பட்டறை, தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேகோ (ஜவ்வரிசி) ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, இளம்பிள்ளைப் பக்கத்து விசைத்தறிக்கூடம், ஏற்காட்டுக் காபித் தோட்டம் என்று சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்காக எழுதியது இது. இருபது முப்பது வருடமாக ஒரே மாதிரி ஓடிய தொழிலை வேறு பாதையில் திருப்ப நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. இதில் வரும் ரூபாய்க் கணக்குகள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

தொலைநோக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆபீசில் பிரேம் போட்டு மாட்டும் வாசகமா?

"தரமே எங்கள் தாரகமந்திரம்" என்று எழுதி மாட்டினால் அது எந்தக் கடைக்கும் பொருந்தும். ஒரு முடிவெடுக்கக்கூட உதவாது. உருப்படியான தொலைநோக்கில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: எந்த வருடத்துக்குள், எந்தச் சரக்கு, யாருக்கு விற்கப் போகிறோம், எதை விட்டுவிடப் போகிறோம். நான்காவதைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. திட்டம் அங்கேதான் உடைகிறது.

ஒரு சேகோ ஆலைக்கு இப்படி எழுதலாம்: "2033 மார்ச்சுக்குள் நம் ஜவ்வரிசியில் பாதி, நம் பெயர் போட்ட அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாக மளிகைக் கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் நேராகப் போகும். மீதி வழக்கம்போல 90 கிலோ மூட்டையாக ஏலத்துக்குப் போகும். வெளுப்பதற்கு ரசாயனம் போட்ட சரக்கு ஒரு மூட்டைகூட நம் கேட்டைத் தாண்டாது."

எழுதியது சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முதலாளி ஆத்தூரில் ஒரு துக்க வீட்டில் இருக்கிறார், போனை எடுக்க முடியாது. நவராத்திரிக்கு முன் வடக்கே விரதத்துக்குச் சாப்பிடும் ஜவ்வரிசிக்குத் தேவை ஏறும் நேரம் அது. பழைய வியாபாரி ஒருவர் ஆலைக்குக் கூப்பிட்டு, "பளிச்சுன்னு பால் வெள்ளையா இருநூறு மூட்டை வேணும், ரேட்டு நீங்க சொல்றதுதான்" என்கிறார். கணக்குப்பிள்ளையோ மேஸ்திரியோ முதலாளியைக் கேட்காமலே "அந்தச் சரக்கு இப்ப போடறது இல்லீங்க" என்று சொல்ல முடிந்தால், உங்கள் தொலைநோக்கு வேலை செய்கிறது. "அண்ணன் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்ற பதில் வந்தால் எழுதியது போதாது.

எத்தனை வருடத்துக்குத் திட்டமிட வேண்டும்?

உங்கள் தொழிலில் மிக மெதுவாக நகரும் பொருள் எதுவோ, அது ஒரு சுற்று முடியும் வரைக்கும், அதற்கு மேலும் சில வருடத்துக்கும். காபியில் அது செடி. அரபிகா நட்டால் முதல் பறிப்புக்கே மூன்று நான்கு வருடம் ஆகும், விளைச்சல் நிலைகொள்ள இன்னும் சில வருடம் பிடிக்கும். சேர்வராயன் மலையில் ரகம் மாற்றி நடுகிறவர் பத்து வருடத்துக்குக் குறைவாக எழுதினால் ஏமாந்துபோவார். விசைத்தறியை எடுத்து ரேப்பியர் தறி (நாடா இல்லாமல் வேகமாக ஓடும் தறி) போடுகிறவருக்கு மெதுவானது மெஷின் கடன், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வருடம். சேகோவில் மரவள்ளிப் பயிர் எட்டிலிருந்து பத்து மாதம்தான். ஆனால் கடைக்காரரின் அலமாரியில் ஒரு புதுப் பெயர் நிலைக்க நான்கைந்து சீசனாவது வேண்டும், ஆகவே ஏழெட்டு வருடம் சரியாக வரும்.

எழுதுவதற்கு முன் என்ன கணக்கெல்லாம் எடுக்க வேண்டும்?

கடைசி 36 மாதக் கணக்கு போதும். ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் நல்ல சீசனோ கெட்ட சீசனோ கண்ணை மறைத்துவிடும்.

சரக்கு வாரியாக லாபம் பாருங்கள். மொத்த லாபம் தெரிந்தவர்கள் நிறைய பேர், எந்தச் சரக்கில் அது வருகிறது என்று தெரிந்தவர்கள் சிலரே. அடுத்து, முதல் ஐந்து வாடிக்கையாளர்களின் பங்கு. ஒருவரே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கிறார் என்றால், மாற்றம் தொடங்கிய மாதமே அவர் கை உங்கள் கழுத்தில் இருக்கும். பில் போட்ட நாளிலிருந்து பணம் வங்கியில் ஏறிய நாள் வரை எத்தனை நாள் என்பதையும், திரும்பி வந்த சரக்கு எவ்வளவு, ஏன் என்பதையும் எடுங்கள்.

சேகோ ஆலைக்கு இன்னொன்று உண்டு. கிழங்கை மாவுப் பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவின் அளவைக் காட்டும் எண்) பார்த்துத்தான் வாங்குகிறோம். 28 பாயிண்ட் என்று பணம் கொடுத்த லோடிலிருந்து கடைசியில் எவ்வளவு ஜவ்வரிசி இறங்கியது என்று லோடு வாரியாக எழுதி வைத்திருக்கிறீர்களா? டன்னுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ வரும் என்பார்கள். அந்த 50 கிலோ வித்தியாசத்துக்குள்தான் உங்கள் மொத்த லாபமும் இருக்கிறது. அரைப்பில் போனதா, திப்பியோடு (மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) போனதா, தொட்டியில் தெளிய விட்ட நேரம் போதாமல் தண்ணீரோடு போனதா என்று தெரியாமல் பாக்கெட் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஓட்டையைப் பழைய இடத்தில் விட்டுவிட்டுப் புதுச் சந்தைக்குப் போனால் ஓட்டையும் கூடவே வரும்.

குடும்பத்தில் யார் எழுத வேண்டும்?

அப்பா மட்டும் எழுதினால் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள், நடத்த மாட்டார்கள். படித்துவிட்டு வந்த மகனோ மகளோ மட்டும் எழுதினால், முதல் நஷ்ட மாதத்தில் "நான் அப்பவே சொன்னேன்" என்று வரும். பங்கு உள்ளவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வரட்டும், பிறகு எல்லாவற்றையும் ஒரே மேசையில் பிரியுங்கள். பெரும்பாலும் சரக்கில் வேறுபாடு வராது. வருடத்துக்கு எவ்வளவு பணம் வீட்டுக்கு எடுப்பது என்பதில்தான் வரும். அதை அன்றைக்கே பேசி எழுத்தில் வையுங்கள். மாற்றம் நடக்கும் மூன்று வருடத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் மாதம் இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று தொகை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணம், வீடு கட்டுவது எல்லாம் அந்தக் காலத்துக்குள் வருமானால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

பணம் எங்கே மாட்டிக்கொள்ளும்?

மெஷினில் மாட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மெஷினுக்குக் கடன் கிடைக்கும். மாட்டிக்கொள்வது சரக்கிலும் பாக்கியிலும்.

சேலத்து சேகோக்காரர்கள் 1981-ல் கூட்டுறவாகச் சேர்ந்து சேகோசர்வ் தொடங்கியது இந்தப் பணப் பிரச்சினைக்காகவும்தான். கிடங்கில் சரக்கை வைத்தால் அதன்பேரில் முன்பணம் கிடைக்கும், டெண்டரில் விற்றால் பணம் வரும். அந்த வசதிக்குப் பழகிய ஆலை பாக்கெட்டுக்கு மாறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஒரு நாளைக்கு 2 டன் பாக்கெட் விற்கிறீர்கள், கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,20,000 ரூபாய். ஒப்பந்தத்தில் 45 நாள் என்று எழுதியிருந்தாலும் சரக்கு போய், எண்ணி, பில் ஏறி, பணம் வர 60 நாள் ஆகிவிடும். அப்போது வெளியில் நிற்பது 72 லட்சம். கடைக்காரர் கேட்ட அன்றே கொடுக்க 15 நாள் சரக்கு கையில் வேண்டும், அது விற்கும் விலையில் 18 லட்சம். ஆக 90 லட்சம். இதில் கவர், அட்டைப்பெட்டி, திரும்பி வரும் சரக்கு சேரவில்லை. விற்பனை இரட்டிப்பானால் இதுவும் இரட்டிப்பாகும். நன்றாக விற்ற வருடத்தில்தான் பல ஆலைகள் மூச்சுத் திணறுகின்றன, காரணம் இதுதான்.

அதனால் சில விதிகளை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சி.சி. கணக்கிலிருந்து (அன்றாடத் தொழில் செலவுக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட் கடன்) மெஷின் வாங்கக் கூடாது. வாங்கினால் கிழங்கு சீசனில் விவசாயிக்குக் கொடுக்கக் கையில் காசு இருக்காது, லோடு பக்கத்து ஆலைக்குப் போய்விடும். மெஷினுக்குத் தனியாகத் தவணைக் கடன் (டேர்ம் லோன்) எடுங்கள். ஆறு மாதச் சம்பளம், கரண்ட், வட்டி மூன்றையும் கூட்டிய தொகையைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லாவிட்டால் உடனே செய்துவிடுங்கள். 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இதைச் சொல்லி யாரிடமும் சண்டை போட வேண்டாம். முதல் ஒப்பந்தத்திலேயே உத்யம் எண்ணையும் 45 நாளையும் அச்சடித்துவிடுங்கள், அதுவே பாதி வேலையைச் செய்யும். குறு உணவுத் தொழிலாக இருந்தால், அதற்கென மத்திய அரசு கொண்டுவந்த பி.எம்.எப்.எம்.இ. திட்டத்தில் திட்டச் செலவில் 35%, அதிகபட்சம் 10 லட்சம் வரை கடனோடு சேர்ந்த மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போதும் கிடைக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரியுங்கள். ஆனால் மானியத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது வராவிட்டாலும் கணக்கு நிற்க வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் என்ன?

ஒரே நேரத்தில் செய்தால், தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. கவரில் ஈரம் கோத்துக் கட்டி தட்டினால் அது காயவைத்ததன் குறையா, சீல் போட்ட மெஷினின் குறையா, புது ஆளின் குறையா?

சேலம் உருக்காலையின் வரிசையைப் பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே முதலில் வந்தது குளிர் உருட்டு ஆலை, அதாவது வாடிக்கையாளருக்கு மிக அருகில் இருக்கும் கடைசிக் கட்டம். சூடான நிலையில் தகடாக்கும் ஆலை 1990-களின் நடுவில் வந்தது. இரும்பை உருக்கும் கூடம் 2010-ல்தான். அதுவரை முந்தைய கட்டத்துச் சரக்கை வெளியிலிருந்து வாங்கினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் லாப நஷ்டத்துக்குள் இங்கே போகவில்லை. கட்டம் கட்டமாகப் பின்னோக்கிக் கட்டலாம் என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

சிறு தொழிலுக்கும் இது பொருந்தும். பாக்கெட் மெஷின் வாங்கும் முன் ஒரு சீசன் கூலிக்குக் கொடுத்துப் பாக்கெட் போட்டு, சேலம், நாமக்கல், ஈரோட்டில் நாற்பது ஐம்பது கடைகளில் வைத்துப் பாருங்கள். சரக்கு வைத்தது எத்தனை கடை என்பதைவிட, இரண்டாவது முறை தானாகக் கேட்டது எத்தனை கடை என்பதை எண்ணுங்கள். பாதிக் கடைகூடத் திரும்பக் கேட்கவில்லை என்றால் மெஷினுக்கு நேரம் வரவில்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாக்கெட்டில் அதைப் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். கவர் டிசைன் அச்சுக்குப் போகும் முன் அந்த வேலையைத் தொடங்குங்கள்.

பழையதை எப்போது மூடுவது? புது வரிசை தொடர்ந்து இரண்டு சீசன் தன் செலவைத் தானே தாங்கிய பிறகு. உற்சாகத்தில் அதற்கு முன் மூடியவர்கள்தான் அதிகம் அடிபட்டவர்கள்.

அரசு அனுமதிகள்?

மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, கூடுதல் மின்பளு, உணவு என்றால் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிமத்தில் புதுப் பொருளைச் சேர்ப்பது. எல்.டி.யிலிருந்து (தாழ்வழுத்த மின் இணைப்பு) எச்.டி.க்குப் (உயரழுத்த மின் இணைப்பு) போக வேண்டிவந்தால் டிரான்ஸ்பார்மருக்கு இடமும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். மெஷின் வந்து தார்ப்பாயின் கீழ் கிடக்க, அதன் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம்.

வேலை ஆட்களிடம் எப்போது சொல்வது?

மெஷின் லாரியில் வந்து இறங்கும்போது தெரிந்துகொள்ளக் கூடாது. முடிவானதும் உடனே, உங்கள் வாயால் சொல்லுங்கள். முதலில் மேஸ்திரிகளிடம், அன்று மாலையே எல்லோரிடமும். இரண்டு நாள் இடைவெளி விட்டால் டீக்கடையில் வேறு கதை ஓடும். ஷிப்ட், கூலி முறை, வேலை நேரம் மாறுவதாக இருந்தால் தொழிலாளர் சட்டம் கேட்கும் 21 நாள் முன்னறிவிப்பையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அவர்கள் மனதில் ஓடுவது இரண்டே கேள்விதான்: எனக்கு வேலை இருக்குமா, கூலி குறையுமா? இரண்டுக்கும் நேராகப் பதில் இல்லாமல் கூட்டம் போடாதீர்கள். வேலை போகும் ஆட்கள் இருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள், எத்தனை பேர், எப்போது, என்ன கொடுப்போம் என்பதோடு.

கொலுசுப் பட்டறையில் கூலி எடைக்கணக்கு. கை வேலையில் பழகியவர் புது மெஷினில் உட்கார்ந்தால் முதல் சில வாரம் உருப்படி பாதிதான் வரும், சேதாரமும் கூடும். கூலியை எடைக்கே விட்டால் அவர் வீட்டுக்குப் பாதிச் சம்பளம் கொண்டு போவார், ஒரு மாதத்தில் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போய்விடுவார். முந்தைய மூன்று மாதச் சராசரியை எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்கு உறுதிக் கூலியாகக் கொடுங்கள். அந்தச் செலவை மெஷின் விலையோடு சேர்த்து எழுதுங்கள், அது மெஷினின் ஒரு பாகம்தான்.

ஆட்கள் தலையாட்டுகிறார்கள், வேலை மட்டும் பழையபடியே நடக்கிறது. ஏன்?

கூலி பழைய வேலைக்குத்தானே கொடுக்கப்படுகிறது? ஏற்காட்டுத் தோட்டம் ஒன்று, இனி தரமான காபி மட்டும் என்று முடிவெடுக்கிறது. நவம்பரில் பறிப்பு தொடங்குகிறது. "பழுத்ததை மட்டும் பறியுங்கள்" என்று மேஸ்திரி காலையில் சொல்கிறார். கூலியோ கிலோவுக்கு. பறிக்கும் அம்மா என்ன செய்வார்? கிளையை உருவினால் பச்சை, செங்காய், பழம் மூன்றும் கூடையில் விழும், எடை நிற்கும். பழத்தை மட்டும் பொறுக்கினால் அதே நேரத்தில் கூடை பாதி. அவர் உருவுவதில் தப்பில்லை, கூலி கேட்டதை அவர் கொடுக்கிறார்.

இங்கே மாற வேண்டியது எடை போடும் இடம். சாக்கைக் கொட்டி ஒரு தட்டு நிறையப் பழம் எடுங்கள். நூறு காய் எண்ணுங்கள். 95-க்கு மேல் சிவப்பு என்றால் கிலோவுக்கு ஒரு கூலி, குறைந்தால் வேறு கூலி. அவர் கண்ணெதிரில் எண்ண வேண்டும். அதே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதால் மொத்தப் பறிப்புச் செலவு கூடும், அதைத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் போகிறது, ஆக பழத்தில் கூடும் ஒவ்வொரு ரூபாயும் கொட்டையில் ஐந்தாறு ரூபாய். பறித்த அன்றே தோலுரிக்க ஆள் இருக்கிறதா என்பதும் அடுத்த கேள்வி. மாலை ஐந்து மணிக்குப் பல்பர் ஆபரேட்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால், காலை முழுக்கப் பொறுக்கிய பழம் ராத்திரியில் சாக்கிலேயே புளிக்கும்.

தறியில் மீட்டர் கணக்கு, ஆலையில் மூட்டைக் கணக்கு, விற்பனை ஆளுக்கு டன் கணக்கு என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். தொலைநோக்கை எழுதி முடித்த அடுத்த நாள், தொழிலில் இருக்கும் ஒவ்வொரு கூலி முறையையும் கமிஷனையும் ஒரு தாளில் எழுதி, புதுப் பாதைக்கு எதிராக இழுப்பது எது என்று பாருங்கள்.

பழைய வியாபாரிகளிடம் சொல்லலாமா?

சொல்ல வேண்டும், ஆனால் முதல் வருடச் சரக்கு கைக்கு வந்த பிறகு, அது கடைக்குப் போகும் முன். உங்களை நம்பி இருபது வருடம் சரக்கு எடுத்தவர் கடையில் உங்கள் பாக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மரியாதை அல்ல. அவருக்கு எவ்வளவு சரக்கு, எத்தனை வருடத்துக்கு உறுதி என்று சொல்லிவிடுங்கள்.

பாதி வழியில் சந்தையோ பயிரோ மாறிவிட்டால்?

போகிற ஊர் மாறக் கூடாது, போகிற வழி மாறலாம். எந்த நிலையில் எதை மாற்றுவோம் என்பதை நிதானமாக இருக்கும்போதே எழுதி வைப்பது முக்கியம். மரவள்ளியில் புதுவகை மாவுப்பூச்சி 2020-ல் இந்தியாவுக்குள் வந்தது. தேமல் நோயோடு அதுவும் சேர்ந்தால் கிழங்கு வரத்து குறையும், பாயிண்ட் இறங்கும், விலை ஏறும். அப்படி ஒரு சீசன் வந்தால் என்ன செய்வீர்கள்? "வரத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மூட்டை விற்பனையை வெட்டுவோம், பாக்கெட் கடைகளுக்குச் சரக்கு நிறுத்த மாட்டோம்" என்று முன்பே எழுதியிருந்தால் அந்த வாரம் குடும்பத்தில் வாக்குவாதம் வராது. எழுதாதவர்கள் அன்றைக்கு விலை அதிகம் கொடுப்பவருக்கு மூட்டையைத் தள்ளிவிட்டு, மூன்று வருடம் பாடுபட்டுப் பிடித்த அலமாரியை இழக்கிறார்கள். விவசாயிகளோடு நீண்டகால உறவுக்கும் இதே நேரம்தான் சோதனை. நோயில்லாத விதைக்கரணை கொடுப்பது, ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களையும் ஆலோசனைகளையும் கொண்டு சேர்ப்பது எல்லாம் ஆலையின் திட்டத்துக்குள் வர வேண்டிய செலவுகள்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

ஐந்து எண், ஒரு கரும்பலகை, மாதம் ஒருமுறை. புதுச் சரக்கின் பங்கு, அதன் லாபம், பாக்கி நாள், திரும்பி வந்த சரக்கு, கையில் உள்ள ரொக்கம் எத்தனை மாதத்துக்கு வரும். ஆட்களும் பார்க்கும் இடத்தில் முதல் நான்கையும் எழுதுங்கள்.

ஆலோசகர் வைத்துக்கொள்ளலாமா?

கணக்குக்கும் சட்டத்துக்கும் அவசியம். அந்த மூன்று வரித் தொலைநோக்கை மட்டும் அவரிடம் எழுதி வாங்காதீர்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

தொடங்கும் நாளிலேயே இரண்டு எல்லை எழுதுங்கள்: எவ்வளவு பணம் வரை, எந்தத் தேதி வரை. உதாரணமாக, மூன்றாவது சீசன் முடிவில் புதுச் சரக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை, அல்லது தனியாக வைத்த ஆறு மாதப் பணத்தில் பாதி கரைந்துவிட்டது என்றால் புதுச் செலவை நிறுத்துவது. நிறுத்தினால் உடனே மூடுவது என்று பொருளல்ல. ஒரு சீசன் அப்படியே வைத்து, திரும்பக் கேட்ட கடைகளுக்கு மட்டும் சரக்குக் கொடுத்து, ஏன் என்று பார்க்கலாம். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்கும் பேச்சு அந்த எல்லையைத் தாண்டிய பிறகு வந்தால், பங்கு உள்ள எல்லோரும், வீட்டுப் பெண்கள் உட்பட, உட்கார்ந்து எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. அந்தத் தாளைத் தொலைநோக்கு எழுதிய தாளோடு சேர்த்தே பீரோவில் வையுங்கள்.